முட்டைப் பந்துக்கும் இந்த மணலில் இடமுண்டு

நடுவர் ஐயா அவர்களே, என் அணித் தோழர்களே, எதிரே அமர்ந்திருக்கும் மதிப்புக்குரிய எதிரணியினரே, இந்தப் புழுக்கத்திலும் மண்டபம் நிறைய வந்திருக்கும் எங்கள் திருகோணமலைச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"உதைபந்தாட்டமே உயிரென்றிருக்கும் மண்ணில் றக்பி வளர்வது அந்த மண்ணுக்குப் பலமா, பாதகமா?" இதுதான் இன்றைய தலைப்பு. றக்பி என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அது பலம் என்று பேச வந்திருக்கிறேன்.

பேசுகிற ஆள் யாரென்று முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். நான் உதைபந்தாட்டக்காரன். ஏகாம்பரம் மைதானத்து ஓரத்தில் அப்பாவின் தோளில் இருந்து ஆட்டம் பார்த்து வளர்ந்தவன். சப்பாத்து வாங்க வழியில்லாத காலத்தில் வெறுங்காலோடு இடது பக்கம் ஓடியவன். இன்றைக்கும் பின்னேரம் நாலு மணிக்கு என்னைத் தேடினால் கழுத்தில் விசிலோடு பிள்ளைகள் நடுவில்தான் பிடிக்கலாம். உதைபந்தாட்டத்துக்கு ஒரு கீறல் விழும் என்று தெரிந்தால், இந்த மேடையில் மறுபக்கத்துக் கதிரையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி அருமையாகப் பேசினார். "மரடோனா பிறந்த ஆர்ஜென்டீனாவுக்குள் றக்பி நுழைந்தது, கோயிலுக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். அந்தத் தமிழுக்காக நானும் தட்டினேன். ஆனால் தம்பி, மரடோனா கண் மூடிய பிறகு நடந்த ஒரு காட்சியை நீங்கள் பார்க்கவில்லை போலிருக்கிறது.

2020 நவம்பர் 25, மரடோனா போய்விட்டார். மூன்றாம் நாள், அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் ஆர்ஜென்டீனா றக்பி அணிக்கும் நியூஸிலாந்தின் ஓல் பிளாக்ஸ் அணிக்கும் ஆட்டம். ஆட்டம் தொடங்கும் முன் ஓல் பிளாக்ஸ் வீரர்கள் ஹக்கா ஆடுவார்கள், மாவோரி மக்களின் ஆட்டம், தொடையில் அறைந்து தரை அதிர ஆடுவது. அதற்கு எல்லோரும் அணிவகுத்து நிற்கும் நேரத்தில் அவர்களுடைய தலைவர் சாம் கேன் தனியே நடந்து முன்னுக்கு வந்தார். கையில் ஒரு கறுப்பு ஜேர்சி. எதிரணி வீரர்களுக்கு முன்னால் குனிந்து அதைப் புல்லில் விரித்து வைத்தார். முதுகுப் பக்கம் மேலே தெரிந்தது. மரடோனா என்று பெயர், அதன் கீழே 10. வைத்துவிட்டுத் தன் வரிசைக்குத் திரும்பினார். பிறகுதான் ஹக்கா.

உதைபந்தாட்டக்காரன் ஒருவனுக்கு றக்பி மைதானத்தில் நடந்த அஞ்சலி அது. நான் வீட்டில் இருந்து அதைப் பார்த்தபோது என் மனுசி "ஏன் அழுறீங்கள்?" என்று கேட்டா. அந்த ஆட்டத்தில் ஆர்ஜென்டீனா வீரர்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று அவர்கள் நாட்டில் பெரிய கோபம் கிளம்பியது. எங்கள் டியேகோவுக்கு எங்கள் பிள்ளைகள் இவ்வளவுதானா செய்வது என்று சனம் கொதித்தது. அந்நியன் மேல் யாரும் அப்படிக் கோபிப்பதில்லை. வீட்டுப் பிள்ளை என்று நினைத்தால்தான் அந்த உரிமைக் கோபம் வரும்.

மரடோனா உயிரோடு இருந்தபோது என்ன செய்தார் தெரியுமா? 2015 றக்பி உலகக் கிண்ணம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஆர்ஜென்டீனா, பசிபிக் தீவு நாடான தொங்காவை 45க்கு 16 என்று வென்ற நாள். பார்வையாளர் மேடையில் அந்த மனுசன் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் உடைமாற்றும் அறைக்கே போய் அவர்களோடு சேர்ந்து பாடி ஆடினார். தம்பி, செருப்போடு கோயிலுக்குள் வந்தவனைச் சாமியே எழுந்து வந்து கட்டிப்பிடிக்குமா?

அடுத்து எங்கள் ரீச்சர் அம்மா சொன்ன குற்றச்சாட்டு. "உதைபந்தாட்டம் ஏழையின் ஆட்டம், றக்பி வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆட்டம்." ரீச்சர், இரண்டும் ஒரே கப்பலில் வந்திறங்கிய பிள்ளைகள். 1863இல் இலண்டனில் உதைபந்தாட்டச் சங்கம் தொடங்கும்போது, பந்தைக் கையில் தூக்கி ஓடலாமா, ஓடுகிறவனின் முழங்காலுக்குக் கீழே உதைக்கலாமா என்றுதான் சண்டை. ஒத்துவராதவர்கள் விலகிப் போனார்கள். 1871இல் அவர்கள் பக்கத்தார் றக்பிச் சங்கம் அமைத்தார்கள். அதன் முழுப்பெயரிலேயே உதைபந்தாட்டம் என்ற சொல் இருக்கிறது. ஒரு வயிற்றில் பிறந்து சொத்துப் பிரிவினையில் தனிக்குடித்தனம் போன அண்ணன் தம்பி இவர்கள்.

ஆர்ஜென்டீனாவிலும் அதே கதைதான். அங்கே முதல் உதைபந்தாட்டம் 1867இல் பியூனோஸ் அயர்ஸில், ஆங்கிலேயக் குடியேறிகளின் கிரிக்கெட் கழக மைதானத்தில் நடந்தது. ஆறு வருடம் கழித்து, 1873இல் அதே ஆட்களின் வட்டத்தில் றக்பி வந்தது. றக்பிச் சங்கம் 1899இல் அமைந்தபோது அதைத் தொடங்கிய கழகங்களில் ஒன்று ரொசாரியோ நகரத்துக் கழகம். ரொசாரியோ என்றால் இங்கே எத்தனை பிள்ளைகளுக்கு முகம் மலரும்! மெஸ்ஸி பிறந்த ஊர். மெஸ்ஸி பிறப்பதற்கு ஏறக்குறைய 90 வருடம் முன்பே அந்த ஊரில் முட்டைப் பந்து உருண்டிருக்கிறது. அதனால் மெஸ்ஸி பிறக்காமல் போனாரா?

அப்படியென்றால் ஒன்று ஏழைக்கும் மற்றது பணக்காரனுக்கும் எப்படிப் போனது? அங்கேதான் ரீச்சர் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன், ஒளிக்க மாட்டேன். முதலில் பந்தைப் பார்ப்போம்.

றக்பியில் எதிரியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் ஊன்றினால் அதற்கு ட்ரை என்று பெயர், இன்றைக்கு 5 புள்ளி. ஏன் ட்ரை, ஏன் முயற்சி என்று பெயர்? ஆரம்ப காலத்தில் பந்தை ஊன்றியதற்குப் புள்ளியே கிடையாது. ஊன்றினால் கம்பத்துக்கு நடுவே உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும், அவ்வளவுதான். கோல் அடிக்க முயற்சி செய்யும் உரிமை. றக்பியின் அடிமனதில் இன்னும் உதைபந்துதான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆர்ஜென்டீனாக்காரன் றக்பிக்குள் கொண்டுபோன சீதனமும் அந்தக் கால்தான். 1985, பியூனோஸ் அயர்ஸ். எதிரில் ஓல் பிளாக்ஸ். அந்தக் காலத்தில் அவர்களோடு ஆடித் தோற்காமல் வருவதே பெரிய காரியம். ஆட்டம் 21க்கு 21 என்று சமநிலையில் முடிந்தது. ஆர்ஜென்டீனாவின் 21 புள்ளியையும் எடுத்தவர் ஒரே ஆள், ஊகோ போர்ட்டா. நாலு பெனல்ட்டி, மூன்று ட்ரொப் கோல். ட்ரொப் கோல் என்றால் ஓடுகிற ஓட்டத்தில் பந்தைக் கையிலிருந்து நிலத்தில் விட்டு, அது எழும்பும் அந்தக் கணத்திலேயே கம்பத்துக்கு நடுவே உதைப்பது. உருண்டைப் பந்தில் செய்தாலே கால் பழகியிருக்க வேண்டும். இது முட்டை. எந்தப் பக்கம் எழும்பும் என்று பந்துக்கே தெரியாது.

2007 உலகக் கிண்ணத்தில் ஹுவான் மார்ட்டின் எர்னாண்டஸ் அயர்லாந்துக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று ட்ரொப் கோல் அடித்தார். அவரை "மந்திரவாதி" என்றே அவர்கள் அழைப்பார்கள். அவருடைய சித்தப்பாவோ பெரியப்பாவோ, அந்தக் குடும்பத்து பத்ரிசியோ எர்னாண்டஸ் 1982இல் ஆர்ஜென்டீனாவின் உதைபந்தாட்ட உலகக் கிண்ண அணியில் இருந்தவர். சகோதரி ஹொக்கியில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர். ஒரே குடும்பத்தில் உதைபந்து, றக்பி, ஹொக்கி. அந்த வீட்டில் எது எதைத் தின்றது?

அதே 2007இல் பிரான்ஸில் ஆர்ஜென்டீனா செய்தது பெரிய வேலை. தொடக்க ஆட்டத்திலேயே போட்டி நடத்திய பிரான்ஸை 17க்கு 12 என்று சாய்த்தார்கள். கடைசியில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அதே பிரான்ஸை 34க்கு 10 என்று மறுபடி வென்றார்கள். இடையில் ஸ்கொட்லாந்தோடு காலிறுதி. அந்த ஞாயிற்றுக்கிழமை பியூனோஸ் அயர்ஸில் பொக்கா ஜூனியர்ஸ், ரிவர் பிளேட் என்ற இரண்டு உதைபந்தாட்டக் கழகங்களும் மோத வேண்டிய நாள். அந்த ஆட்டம் நடக்கும் நேரத்தில் நகரமே மூச்சை அடக்கிக்கொள்ளும் என்பார்கள். றக்பிக் காலிறுதியோடு மோதக் கூடாது என்று அந்த உதைபந்தாட்டத்தின் நேரத்தை மாற்றினார்கள். இதைக் கேட்டு எதிரணி, "பார்த்தீர்களா, உதைபந்து பணிந்துவிட்டது" என்று சொல்லக் கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டுக் கலியாணமும் தம்பி வீட்டுப் பூப்பு நீராட்டும் ஒரே நாளில் வந்தால் சொந்தக்காரர் முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கச் சொல்வார்களே, இரண்டு பந்தலிலும் இருக்க வேண்டும் என்று! அந்தச் சனத்துக்கு இரண்டையும் பார்க்க ஆசை.

றக்பி வளர்ந்தால் உதைபந்து தேயும் என்றார்கள். தேய்ந்ததா என்று ஒரு வருடத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். 2022. ஓகஸ்ட் மாதம் கிறைஸ்ட்சேர்ச் நகரில், நியூஸிலாந்து மண்ணில் முதல்முறையாக ஓல் பிளாக்ஸை ஆர்ஜென்டீனா வென்றது, 25க்கு 18. நவம்பரில் இலண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை ஒரே ஒரு புள்ளியால், 30க்கு 29. டிசம்பர் 18ஆம் திகதி கட்டாரில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டுமா? அன்றிரவு எங்கள் ஊரில் எத்தனை வெடி வெடித்தது! அந்த நாட்டின் றக்பி இப்படிச் சரித்திரம் படைத்த அதே வருடத்தில் அதன் உதைபந்தாட்டம் உலகக் கிண்ணத்தைத் தூக்கியது. இதற்கு எதிரணியிடம் பதில் இருந்தால் நான் கேட்கக் காத்திருக்கிறேன்.

மைதானம் பறிபோகும் என்ற பயம் இருக்கிறதே, அது நியாயமான பயம். நம்மூரில் மைதானத்துக்காக நாங்கள் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். மழை வந்தால் குளம், வெயில் வந்தால் பாறை. ஒரு முறை சுற்றுப்போட்டிக்கு இரண்டு நாள் இருக்கையில் மைதானத்துக்குள் லொறியை ஏற்றி ஒரு நிகழ்ச்சிக்கு மேடை போட்டார்கள். டயர் தடம் முழங்கை ஆழத்துக்கு இறங்கிக் கிடந்தது. நாங்களே மண்வெட்டி எடுத்து நிரவினோம். ஆகவே அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் போர்ட்டா அந்த 21 புள்ளியை எடுத்த இடம் எது? ஃபெரோ என்ற உதைபந்தாட்டக் கழகத்தின் மைதானம். 2025 ஓகஸ்டில் தங்கள் சொந்த மண்ணில் முதல்முறையாக ஓல் பிளாக்ஸை 29க்கு 23 என்று வென்றார்களே, அது எங்கே? வெலஸ் சார்ஸ்ஃபீல்ட், அதுவும் உதைபந்தாட்டக் கழகம்தான். அண்ணன் திண்ணையைக் கொடுத்தான், தம்பி அதில் உட்கார்ந்து பேர் வாங்கிக் கொடுத்தான். ஒரு மைதானத்துக்குக் குரல் கொடுக்க இரண்டு விளையாட்டுக்காரர் இருந்தால் லொறியை ஏற்றுகிறவன் இரண்டு தரம் யோசிப்பான்.

சரி, ஆர்ஜென்டீனா தூரத்துக் கதை. கிட்ட வருகிறேன்.

என்னிடம் பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன். பெயர் வேண்டாம். 14 வயது, ஆனால் ஆள் என்னைவிடப் பெரிய உருவம். அப்பா கரைவலைக்காரர். உதைபந்தில் அவனால் திரும்பி ஓட முடியாது. இவன் திரும்புவதற்குள் பந்து அடுத்த கோடு போய்விடும். ஒவ்வொரு நாளும் வருவான். ஒவ்வொரு நாளும் நான் அவனுக்குக் கொடுக்கும் வேலை, கோல் கம்பத்துக்குப் பின்னால் போன பந்தை எடுத்து வருவது. இரண்டு வருடம் அவன் எனக்குப் பந்து எடுத்துத் தந்தான், ஐயா. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அது என் பிழை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கொழும்பில் இருக்கும் என் மச்சான் ஒரு தடவை வரும்போது பழைய றக்பிப் பந்து ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். தோல் உரிந்து, காற்று அரைவாசி இறங்கிய பந்து. ஒரு சனிக்கிழமை மைதானத்தில் தண்ணீர் நின்றதால் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். ஈர மணலில் குதிக்காலால் இரண்டு கோடு கீறினேன். பந்தை முன்னுக்கு எறியக் கூடாது, பின்னுக்குத்தான் கொடுக்கலாம், கோட்டைத் தாண்டினால் வெற்றி என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே விளையாடினார்கள். பந்து ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் பாயும், அதைத் துரத்தி நாலு பேர் விழுவார்கள்.

அப்படி உருண்ட பந்து இவன் கைக்கு வந்தது. ஓடத் தொடங்கினான். ஒருவன் இடுப்பைப் பிடித்தான். இன்னொருவன் காலைக் கட்டினான். மூன்றாமவன் முதுகில் தொங்கினான். மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு அவன் நடந்தான். ஓட்டம் இல்லை, நடை. கரைவலையின் மடி கனத்து வரும்போது அவனுடைய அப்பா மணலில் குதிக்கால் ஊன்றி ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குவாரே, அதே காலடி, இவன் முன்னுக்கு வைத்தான். கோட்டைத் தாண்டினான். தாண்டியும் பந்தை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றான். எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

"சேர், இனி என்ன செய்யிறது?" என்று கேட்டான்.

"கீழ வை ராசா" என்றேன்.

குனிந்து, முட்டையை அடைக்கு வைப்பது போல, இரண்டு கையாலும் மணலில் வைத்தான். இரண்டு வருடம் அடுத்தவனுக்குப் பந்து எடுத்துக் கொடுத்த பிள்ளை, முதல்முறை தன் பந்தைத் தான் வைத்தான்.

றக்பியில் 15 பேர். அந்த 15 பேரும் 15 விதமான உடம்பு. முன்வரிசையில் தள்ளுவதற்குக் கனமான ஆட்கள் வேண்டும். லைன் அவுட்டில், அதாவது பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறியும்போது, எம்பிப் பிடிக்க நெடியவன் வேண்டும். ஓரத்தில் ஓட மான் மாதிரி ஒருவன் வேண்டும். நடுவில் பந்தை எடுத்து விநியோகிக்கச் சின்ன உருவக்காரன் வேண்டும்; 2007இல் ஆர்ஜென்டீனாவின் தலைவர் அகுஸ்தின் பிச்சோட் அப்படிப்பட்ட சின்ன மனுசன்தான், மலை மாதிரி ஆட்களுக்குக் கட்டளை இட்டுக்கொண்டு நிற்பார். உதைபந்து கைவிட்ட பிள்ளையைத்தான் றக்பி முதலில் கூப்பிடுகிறது. உதைபந்திடமிருந்து அது எதையும் பிடுங்கவில்லை ஐயா. நான் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்த பிள்ளையை அது மைதானத்துக்குள் கொண்டுவந்தது.

இந்த ஆட்டம் நமக்கு அந்நியம் என்றும் ஒருவர் சொன்னார். சித்திரைப் புத்தாண்டுக்குக் கிளித்தட்டு மறித்த ஊர் இது. கோட்டில் நிற்பவனை இடுப்பசைவில் ஏமாற்றி அடுத்த தட்டுக்குப் பாயும் பிள்ளைக்கு றக்பியில் புதிதாக எதைச் சொல்லிக் கொடுப்பது? சடுகுடுவில் மூச்சடக்கிப் போனவனைக் காலில் விழுந்து மடக்கிய கைக்கு டாக்கிள் என்றால் என்ன என்று விளக்க வேண்டுமா? வாடைக்காற்றுக் காலத்தில் வள்ளம் கரையேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். எட்டுப் பேர் தோளைக் கொடுத்து, தலையைக் குனிந்து, "ஏலேலோ" என்று ஒரே மூச்சில் தள்ளும்போது ஒருவன் அரை நொடி முந்தினால் வள்ளம் அசையாது. றக்பியின் ஸ்க்ரம் அதுதான். அங்கேயும் இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர். அங்கேயும் ஒரே மூச்சு.

இப்போது ரீச்சருக்கு நான் கடன்பட்ட பதில். எதிரணித் தலைவர் ஐயாவும் அதையே கனமாக வைத்தார். 2020 ஜனவரியில் ஆர்ஜென்டீனாவின் வில்யா ஹெசெல் என்ற கடற்கரை ஊரில் 18 வயது இளைஞன் ஒருவனை இரவு விடுதி வாசலில் ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. அடித்தவர்கள் றக்பி வீரர்கள். 2023 பெப்ரவரியில் நீதிமன்றம் எட்டுப் பேரைக் குற்றவாளிகள் என்று கண்டு, ஐந்து பேருக்கு ஆயுள் தண்டனையும் மூன்று பேருக்கு 15 வருடச் சிறையும் கொடுத்தது. ஐயா கேட்டார், "இந்த முரட்டு ஆட்டத்தையா நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று.

மழுப்ப மாட்டேன். அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனை நினைத்தால் எந்த விளையாட்டும் வேண்டாம் என்றுதான் தோன்றும். அந்த நாட்டில் றக்பி நீண்ட காலம் வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கழகத்துக்குள் அடைந்து கிடந்தது. தங்களைத் தவிர வேறு உலகம் இல்லை என்று வளர்ந்தவர்களின் திமிர் அதில் ஒட்டிக்கொண்டது. இதை அந்த நாட்டு மக்களே அந்தக் கொலைக்குப் பிறகு வாய்விட்டுப் பேசினார்கள். கட்டிக் கிடக்கும் தண்ணீர் நாறும். அதற்கு மடையைத் திறந்துவிட வேண்டும். றக்பி வளர வேண்டும் என்று நான் சொல்வதன் பொருளே இதுதான்: அடைத்து வைத்தவர்களின் கையிலிருந்து வெளியே வரட்டும்.

வெளியே வந்தபோது என்ன நடந்தது? 2020 நவம்பரில், மரடோனா போவதற்கு 11 நாள் முன்பு, சிட்னியில் சரித்திரத்திலேயே முதல்முறையாக ஓல் பிளாக்ஸை ஆர்ஜென்டீனா வென்றது, 25க்கு 15. அந்த 25 புள்ளியையும் தனியாக எடுத்த நிக்கொலாஸ் சாஞ்செஸ் தலைநகரத்துப் பெரிய கழகங்களில் வளர்ந்தவர் இல்லை. வடமேற்கில் கரும்பு விளையும் டுகுமான் மாகாணத்துப் பிள்ளை.

இன்னோர் இடம் சொல்கிறேன். சிறைச்சாலை. 2009இல் ஈடுவார்டோ ஒடெரிகோ என்ற சட்டத்தரணி, பழைய றக்பி வீரர், பியூனோஸ் அயர்ஸுக்கு அருகே சான் மார்ட்டின் சிறைக்கு ஒரு பந்தோடு போனார். கைதிகளைக் கொண்டு ஓர் அணி கட்டினார். ஸ்பார்ட்டாக்காரர் என்று பெயர். அதன் பிறகு அந்த முயற்சி பல சிறைகளுக்குப் பரவியது. யோசித்துப் பாருங்கள். கோபத்தில் கை ஓங்கி உள்ளே வந்த மனுசனுக்கு, இடிபட்ட பிறகும் கை ஓங்காமல் எழுந்து நிற்கப் பழக்குகிற ஆட்டம். விதியை மீறினால் உன்னால் 14 பேர் தண்டம் கட்டுவார்கள் என்று சொல்லித் தருகிற ஆட்டம். வில்யா ஹெசெலில் கொன்றவர்களும் றக்பி ஆடினார்கள், சான் மார்ட்டினில் திருந்த நினைத்தவர்களும் றக்பி ஆடினார்கள். பந்து ஒன்றுதான். யார் கூட நின்று சொல்லிக் கொடுத்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அடிபடும் என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. தலையில் அடிபடுவது றக்பியில் மெய்யான ஆபத்து, அதை லேசாகச் சொல்லக் கூடாது. தோளுக்கு மேலே பிடித்தால் தண்டனை என்று விதி இருக்கிறது, அதைக் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். நம் சின்னப் பிள்ளைகளுக்கு நான் கேட்பது இடித்து விழுத்தும் ஆட்டமே இல்லை. இடுப்பில் இரண்டு பக்கமும் ஒரு சீலைத் துண்டைச் செருகிக்கொண்டு, அதை உருவினால் பிடிபட்டதாகக் கணக்கு வைக்கும் ஆட்டம். பெண் பிள்ளைகளும் சேர்ந்தே ஆடலாம். சாரம் கிழிந்த வீடு இருந்தால் உபகரணம் தயார்.

இலங்கையிலும் இது கொழும்பு, கண்டிப் பெரிய பாடசாலைகளின் ஆட்டம் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் ஒதுங்கிவிட்டோம். 1906இல் கண்டியில் டிரினிட்டியும் கிங்ஸ்வூட்டும் முதல் பாடசாலை ஆட்டம் ஆடின. 1908இல் சங்கம் அமைந்தது. நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அந்த ஆட்டம் ஏன் மலையை விட்டுக் கிழக்குக் கடலுக்கு இறங்கவில்லை என்று கேட்காமல், இறங்கக் கூடாது என்று நாங்களே வாதாடுகிறோமே, அது எனக்கு மனவருத்தம்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். இன்னும் ஒரே ஒரு ஆட்டம், அனுமதி தாருங்கள்.

உருகுவே. 1930இலும் 1950இலும் உதைபந்து உலகக் கிண்ணம் தூக்கிய குட்டி நாடு. அங்கே உதைபந்தைத் தவிர வேறு பந்து இருப்பதாகவே பலருக்குத் தெரியாது. 2019 செப்டெம்பர் 25, ஜப்பானின் காமைஷி என்ற கடலோர ஊரில் அந்த உருகுவேயின் றக்பி அணி, றக்பியே மதமாகக் கொண்ட ஃபிஜியை 30க்கு 27 என்று வென்றது. ஆட்டம் முடிந்து வீரர்கள் குழந்தை மாதிரி அழுதார்கள். நான் சொல்ல வந்தது அந்த வெற்றியை அல்ல, அந்த மைதானத்தை. அது இருக்கும் இடத்தில் முன்பு இரண்டு பாடசாலைகள் இருந்தன. 2011 சுனாமி அவற்றை அள்ளிக்கொண்டு போனது. அலை வரும் முன்பே பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்து மேட்டுக்கு ஏறிப் பிழைத்தார்கள். பாடசாலை நின்ற மண்ணில் அந்த ஊர் ஒரு றக்பி மைதானம் கட்டியது. இரும்பு உருக்கும் அந்த ஊருக்கு றக்பி பழைய காதல். அன்றைக்கு அங்கே நடந்தது முதல் உலகக் கிண்ண ஆட்டம்.

அடுத்த ஆட்டம் நடக்கவில்லை. புயல் வந்து ரத்தானது. ஆட இருந்த கனடா வீரர்கள் விமானம் தேடி ஓடவில்லை. மண்வெட்டி எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கி, வீடுகளுக்கு முன்னால் கிடந்த சேற்றை அள்ளினார்கள்.

2004 மார்கழி 26க்குப் பிறகு சேறு அள்ளிய கைகள் இந்த மண்டபத்தில் எத்தனை இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். அள்ளிய ஒரு வாரத்தில், எங்கிருந்தோ ஒரு பழைய பந்தைத் தேடி எடுத்து, முகாமுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு உருட்டிவிட்டவர்களும் இங்கே இருக்கிறார்கள். அன்று அது உருண்டையா முட்டையா என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

கிழமையில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், மைதானத்தில் அரைப்பங்கு. இதுதான் என் அணி கேட்பது. நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரைக்கு, வெயில் ஏறும் முன், நான் கடற்கரையில் நிற்பேன். மச்சான் தந்த அந்தப் பந்து இந்த மேசைக்குக் கீழே இருக்கிறது, காற்று அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். எதிரணித் தம்பி, நீங்களும் வர வேண்டும். உங்கள் கால் நல்ல கால், நான் பார்த்திருக்கிறேன். முதல் ட்ரொப் கோல் நீங்கள் அடியுங்கள். பந்து எடுத்து வர இந்த முறை நான் போகிறேன்.

வணக்கம்.